நான்கு முறை அளந்தவர்



உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்க்க வரும் எலக்ட்ரீசியன் கையில் ஒரு கண்ணாடிக் குழாய் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒரு முனையில் ரப்பர் பல்பு, உள்ளே மிதக்கும் சின்னக் குப்பி, குப்பியில் பச்சை, வெள்ளை, சிவப்பு என்று பட்டைகள். பேட்டரிக்குள் இருக்கும் அமிலத்தைக் கொஞ்சம் உறிஞ்சி, குப்பி எந்தப் பட்டையில் மிதக்கிறது என்று பார்ப்பார். பிறகு பேட்டரி போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்று சொல்வார். பல ஆயிரம் ரூபாய் சமாசாரம். அந்த நேரத்தில் உங்கள் மனதில் ஒரு கேள்வி ஓடும். ஒரே ஒரு தடவை பார்த்தாரே, அது போதுமா? இன்னொரு தடவை பார்த்தால் வேறு அளவு காட்டுமோ?

இந்தக் கேள்வியைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு விடை கண்ட ஒருவரைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். அவர் கல்லூரிப் பேராசிரியர் அல்ல. பீர் ஆலையில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். நம் குடியிருப்பில் பொறியியல், மருத்துவம், எம்பிஏ, மனோதத்துவம் என்று எதைப் படித்தவரைக் கேட்டாலும் ‘ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்’ என்ற பெயர் தெரிந்திருக்கும். அந்த ‘ஸ்டூடண்ட்’ இவர்தான். ‘மாணவன்’ என்று பொருள்படும் அந்தப் புனைபெயருக்குப் பின்னால் இருந்தவரின் உண்மைப் பெயர் வில்லியம் சீலி கோசெட்.

கண் பார்வை மாற்றிய பாதை

கோசெட் 1876 ஜூன் 13 அன்று இங்கிலாந்தின் கான்டர்பரி நகரில் பிறந்தார். அப்பா ராணுவப் பொறியாளர் படையில் கர்னல். மூத்த பிள்ளையான இவருக்கும் அதே படையில் சேர ஆசை. ஆனால் கண் பார்வை சரியில்லை என்று அந்தக் கதவு மூடிக்கொண்டது. வின்செஸ்டர் பள்ளியில் படித்து, ஆக்ஸ்ஃபோர்டு நியூ காலேஜில் சேர்ந்தார். 1897-ல் கணிதத் தேர்வில் முதல் வகுப்பு, 1899-ல் வேதியியலில் முதல் வகுப்பு.

அந்தச் சமயத்தில் அயர்லாந்தின் டப்ளின் நகரில் இருந்த கின்னஸ் பீர் ஆலை ஒரு புதுமை செய்துகொண்டிருந்தது. ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அறிவியல் படித்து முடித்த இளைஞர்களை அழைத்துவந்து ஆலைப் பொறுப்பில் அமர்த்தியது. 1759-ல் தொடங்கிய ஆலை அது. கோசெட் சேர்ந்த காலத்தில் உலகின் மிகப் பெரிய பீர் ஆலைகளில் ஒன்றாக வளர்ந்திருந்தது. கை அனுபவம், மூக்கு, நாக்கு, அப்பா தாத்தா சொன்ன பக்குவம் ஆகியவற்றை மட்டும் நம்பி அவ்வளவு பெரிய ஆலையை நடத்த முடியாது என்று நிர்வாகம் உணர்ந்திருந்தது. 1899-ல் கோசெட் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு வயது 23.

மிதக்கும் கண்ணாடியும் இனிப்புக் கணக்கும்

பீர் ஆலையில் அளக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம்.

பார்லியை முளைகட்டி, காயவைத்து, வறுத்தால் அது மால்ட். மால்ட்டை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் அதில் உள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, இனிப்பான சாறு இறங்கும். அந்தச் சாற்றில் ஈஸ்ட் சேர்த்தால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். ஆக, தொடக்கத்தில் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறதோ, அதை வைத்துத்தான் கடைசியில் பீர் எப்படி இருக்கும் என்பது முடிவாகும்.

அந்தச் சர்க்கரையை அளக்கும் கருவி நம் எலக்ட்ரீசியன் கையில் இருந்ததன் ஒன்றுவிட்ட சகோதரன், திரவமானி. பள்ளியில் ஹைட்ரோமீட்டர் என்று படித்திருப்பீர்கள். பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கும் பால்மானியும் இதே குடும்பம். சர்க்கரை கரைந்த நீர் சாதாரண நீரைவிடக் கனமானது. அதில் கண்ணாடிக் குழாய் கொஞ்சம் மேலே எழும்பி மிதக்கும். தண்ணீரின் ஒப்படர்த்தி 1.000 என்றால், ஓரளவு திடமான பீருக்கான சாறு 1.050 காட்டும். ஈஸ்ட் வேலையை முடித்த பிறகு குழாய் கீழே இறங்கி 1.010 காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.040. அதை ஏறக்குறைய 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5.2 சதவீதம். வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்கள் இன்றும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் குழாயை மிதக்கவிட்டுப் பாருங்கள், தொல்லை தெரியும். சாறு சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். குழாயின் மேல் குமிழிகள் ஒட்டிக்கொண்டால் அது மேலே தூக்கும், அளவு கூடும். திரவம் குழாயை ஒட்டி விளிம்பில் கொஞ்சம் ஏறி நிற்கும். எந்த மட்டத்தில் கண்ணை வைத்துப் பார்ப்பது என்று இரண்டு பேருக்குள் தகராறே வரும். இவற்றையெல்லாம் சரிசெய்தாலும், ஒரே மூட்டை மால்ட்டிலிருந்து இரண்டு கைப்பிடி எடுத்துச் சோதித்தால் இரண்டும் அச்சாக ஒன்றுபோல் வராது.

இதில் பணமும் இருந்தது. 1880-ல் பிரிட்டிஷ் அரசு பீர் வரியைச் சாற்றின் ஒப்படர்த்தியை வைத்துக் கணக்கிடத் தொடங்கியது. 1057 என்ற அளவை அடிப்படையாக வைத்தார்கள். 1889-ல் அது 1055 ஆனது. சாறு கனமாக இருந்தால் வரி கூடும். இலேசாக இருந்தால் பீர் சீக்கிரம் கெடும், வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். கின்னஸில் ஒரு பீப்பாய் மால்ட், அதாவது 168 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 76 கிலோ, எவ்வளவு இனிப்புச் சத்துத் தருகிறது என்பதற்கு ஒரு டிகிரி அளவு வைத்திருந்தார்கள். ஏறக்குறைய 133 வர வேண்டும். அரை டிகிரிக்குள் கூடக்குறைய இருந்தால் பரவாயில்லை.

எத்தனை தடவை பார்த்தால் நம்பலாம்?

இங்கேதான் கோசெட் தன் கேள்வியைக் கேட்டார். ஆய்வகத்தில் ஒரு தடவை பார்த்தால் 132 வருகிறது, மறு தடவை 134 வருகிறது. எதை நம்புவது? நூறு தடவை பார்த்துச் சராசரி எடுத்தால் நம்பலாம். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் நேரமும் கூலியும் பொருளும் செலவாகிறது. குறைந்தபட்சம் எத்தனை போதும்?

1904 நவம்பரில் அவர் ஆலை நிர்வாகத்துக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். வானியல் அறிஞர்கள் பயன்படுத்தும் பிழைக் கணக்கை ஆலை வேலைக்கு எப்படிப் பயன்படுத்தலாம் என்பதே பொருள். கையில் இருந்த மால்ட் சோதனை முடிவுகளைப் பிரித்துப் போட்டு அவர் கணக்குப் பார்த்தார். இரண்டு சோதனைகளின் சராசரி எடுத்தால், அது உண்மை அளவுக்கு அரை டிகிரிக்குள் இருக்கும் வாய்ப்பு 4-க்கு 1. மூன்று எடுத்தால் 7-க்கு 1. நான்கு எடுத்தால் 12-க்கு 1. ஐந்து எடுத்தால் 19-க்கு 1. பத்துக்கு ஒன்று என்ற அளவு உறுதி போதும் என்றால், நான்கு முறை அளந்தால் சரி.

முழு நிச்சயம் வேண்டுமென்று அவர் அடம்பிடிக்கவில்லை. எவ்வளவு நிச்சயம் வேண்டும், அதற்கு எவ்வளவு செலவழிக்கத் தயார் என்று இரண்டையும் சேர்த்து வைத்துக் கேட்டார். சம்பளம் கொடுக்கும் முதலாளிக்கு இப்படி ஒரு விடை தருவது லேசான காரியமில்லை. எந்த நிர்வாகமும் ஆம் அல்லது இல்லை என்ற பதிலைத்தானே விரும்பும்!

சைக்கிளில் போன மாணவர்

கோசெட்டுக்கு ஒரு குறை இருந்தது. பழைய பிழைக் கணக்கெல்லாம் நூற்றுக்கணக்கான அளவீடுகள் இருக்கும்போதுதான் சரிவரும். நான்கோ ஐந்தோ மட்டும் இருந்தால்? புத்தகங்களில் விடை இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் இருந்த கார்ல் பியர்சன் அந்நாளில் புள்ளியியலின் பெரிய தலை. 1905 ஜூலையில் பியர்சன் பெர்க்ஷயர் பகுதியில் ஈஸ்ட் இல்ஸ்லி என்ற கிராமத்தில் விடுமுறையில் இருப்பதை அறிந்து, கோசெட் அங்கே சைக்கிளை மிதித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு சந்திப்பில் அன்றைக்குப் புழக்கத்தில் இருந்த முறைகளில் பெரும்பாலானவற்றைக் கற்றுக்கொண்டு திரும்பினார்.

1906 ஜனவரியில் மார்ஜரி என்ற பெண்ணை மணந்தார். மார்ஜரி ஹாக்கி வீராங்கனை, இங்கிலாந்துப் பெண்கள் அணிக்குத் தலைமை தாங்கியவர். அதே ஆண்டு ஆலை அவரை லண்டனுக்கு அனுப்பியது. பியர்சனின் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஓராண்டு இருந்து படிக்க அனுமதி.

படிப்பின் பலன் 1907-ல் முதல் கட்டுரையாக வந்தது. ரத்த அணுக்களை எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியில் ஈஸ்ட் செல்களை எண்ணும்போது எவ்வளவு பிழை வரும் என்பது அதன் பொருள். ஈஸ்ட் குறைந்தால் சாறு சரியாகப் புளிக்காது. கூடினால் பீர் கசக்கும். 400 சின்னக் கட்டங்களில் எண்ணிய கணக்கைக் கொண்டு ஆலையின் அன்றாடத் தலைவலி ஒன்றை அவர் தீர்த்தார்.

பெயரை மறைத்த கட்டுரை

அடுத்த ஆண்டு வந்ததுதான் உலகையே மாற்றிய கட்டுரை. 1908-ல் ‘பயோமெட்ரிகா’ என்ற ஆய்விதழில் வெளியானது. எழுதியவர் பெயர் ‘ஸ்டூடண்ட்’, அவ்வளவுதான். போட்டி நிறுவனங்களுக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாது என்பது கின்னஸின் கவலை. ஊழியர்கள் எழுதலாம், ஆனால் சொந்தப் பெயர் கூடாது, ஆலையின் பெயர் கூடாது, பீர் என்ற பேச்சும் கூடாது.

அந்தக் கட்டுரையின் சாரத்தை நம் வழியில் பார்ப்போம். ஒரு மால்ட்டை நான்கு முறை சோதித்ததில் 131.8, 133.2, 132.6, 133.4 என்று வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இது நான் உதாரணத்துக்குச் சொல்லும் கணக்கு. சராசரி 132.75. பழைய முறைப்படி 95 சதவீத உறுதிக்குக் கணக்குப் போட்டால், உண்மை அளவு இதற்கு இருபுறமும் 0.70 டிகிரிக்குள் இருக்கிறது என்று வரும். கோசெட் இங்கே ஓர் ஓட்டையைக் கண்டார். நான்கே எண்களை வைத்துக்கொண்டு சராசரியை மட்டுமா ஊகிக்கிறோம்? எண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதையும் அதே நான்கை வைத்துத்தானே ஊகிக்கிறோம்? தராசும் ஆடுகிறது, தராசின் ஆட்டத்தை அளக்கும் கோலும் ஆடுகிறது. ஆகவே பழைய முறை நம்மை ஏமாற்றிக் கூடுதல் தைரியம் கொடுக்கிறது. பழைய முறையில் 1.96 என்று பெருக்கிய இடத்தில், நான்கு அளவீடு மட்டும் இருந்தால் 3.18 என்று பெருக்க வேண்டும். அப்போது இருபுறமும் 1.14 டிகிரி என்று வரும். அளவீடுகள் கூடக் கூட இந்த எண் குறைந்துகொண்டே வந்து 1.96-ஐ நெருங்கும். எத்தனை அளவீட்டுக்கு எவ்வளவு என்று பார்த்துக்கொள்ள அவர் ஓர் அட்டவணையே போட்டுக் கொடுத்தார்.

கணக்கைச் சரிபார்த்த விதமும் ருசியானது. 3,000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரலின் நீளமும் ஏற்கெனவே அளந்து வெளியிடப்பட்டிருந்தன. அந்த அளவுகளை 3,000 அட்டைகளில் எழுதி, நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காகப் பிரித்து 750 குழுக்கள் ஆக்கினார். ஒவ்வொரு குழுவுக்கும் கணக்குப் போட்டு, தன் சூத்திரம் சொல்வதுபோல் வருகிறதா என்று பார்த்தார். கணினி இல்லாத காலம் என்பதை நினைவில் வையுங்கள். பென்சிலும் பொறுமையும்தான் முதலீடு.

இரண்டு பெரியவர்களுக்கு நடுவே

உலகம் உடனே கைதட்டவில்லை. பியர்சன் ஆயிரக்கணக்கில் அளவீடுகள் வைத்து வேலை செய்பவர். நான்கு அளவீட்டை வைத்து அல்லல்படுவது அவருக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. பல ஆண்டுகள் அந்த அட்டவணை அதிகம் கவனிக்கப்படாமல் கிடந்தது.

1912-ல் ரொனால்டு ஃபிஷர் என்ற கேம்பிரிட்ஜ் இளைஞரிடமிருந்து கோசெட்டுக்குக் கடிதம் வந்தது. கோசெட் பாதி ஊகத்தில் எட்டிய முடிவுக்கு ஃபிஷர் முழு நிரூபணம் கொடுத்திருந்தார். கணிதம் தன் தலைக்கு மேலே போவதை உணர்ந்த கோசெட் கூச்சப்படாமல் அதைப் பியர்சனுக்கு அனுப்பிவைத்துக் கருத்துக் கேட்டார். பின்னாளில் ஃபிஷர்தான் இந்த முறையை விரித்து, ‘டி’ என்று எழுத்துக் கொடுத்து, 1925-ல் வந்த தன் புத்தகம் வழியாக உலகம் முழுவதும் பரப்பினார்.

பியர்சனுக்கும் ஃபிஷருக்கும் ஆகவே ஆகாது. புள்ளியியல் வரலாற்றில் பெயர்பெற்ற பகை அது. இருவருக்கும் நண்பராக இருந்தவர் கோசெட். நம் சங்கக் கூட்டங்களில் இரண்டு அணிகளுக்கும் பொதுவாக ஒருவர் இருப்பாரே, அப்படி! அதற்காக வாய்மூடி இருந்தார் என்று எண்ண வேண்டாம். வயல் சோதனையில் பாத்திகளைக் குலுக்கல் முறையில் பிரிப்பதா, சமன்செய்து பிரிப்பதா என்ற விஷயத்தில் ஃபிஷரோடு வெளிப்படையாகவே மோதினார். அயர்லாந்துப் பண்ணைகளில் பார்லி ரகங்களை ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் அவரைப் பேசவைத்தது. அந்த வாதத்தின் கடைசிக் கட்டுரை அவர் இறந்த பிறகு 1938-ல் வெளியானது.

பால் குடித்த பிள்ளைகள்

உங்கள் வீட்டில் பள்ளி செல்லும் குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் படியுங்கள். 1930-ல் ஸ்காட்லாந்தின் லனார்க்ஷயரில் பள்ளிக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்துப் பெரிய சோதனை நடந்தது. 67 பள்ளிகள், 20,000 பிள்ளைகள். அவர்களில் 10,000 பேருக்கு நான்கு மாதம் தினமும் ஏறக்குறைய 425 மில்லி பால். பாதிப் பேருக்குக் காய்ச்சாத பால், பாதிப் பேருக்குப் பாஸ்சரைஸ் செய்த பால். மற்ற 10,000 பேருக்குப் பால் இல்லை. இருபதாயிரம் என்ற எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் முடிவை நம்பிவிடுவோம்.

கோசெட் நம்பவில்லை. 1931-ல் ‘ஸ்டூடண்ட்’ என்ற பெயரிலேயே எழுதினார். யாருக்குப் பால் என்பதில் கடைசி நேரத் திருத்தம் செய்ய ஆசிரியர்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். இளகிய மனம் கொண்ட ஆசிரியர்கள் ஏழைப் பிள்ளைகளைப் பால் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பால் பெறாத குழு தொடக்கத்திலேயே உயரமாகவும் எடை கூடியும் இருந்தது. போதாக்குறைக்கு, பிப்ரவரிக் குளிரில் கனமான துணியோடு எடை பார்த்து, ஜூன் வெயிலில் மெல்லிய துணியோடு பார்த்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளையின் குளிர்காலத் துணி கனமானது. அது கழன்றதும் எடைக் கணக்கே கோணிப்போனது. அப்படியிருக்க, இரண்டு வகைப் பாலை ஒப்பிட்டுச் சொன்ன முடிவை எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். ஒரே மாதிரி இரட்டைப் பிள்ளைகளில் 50 ஜோடியைத் தேர்ந்தெடுத்து, ஜோடியில் ஒருவருக்கு ஒரு வகைப் பால், மற்றவருக்கு இன்னொரு வகை என்று கொடுத்துப் பார்த்தால் மிகக் குறைந்த செலவில் இதைவிட நம்பகமான விடை கிடைக்கும் என்பது அவர் யோசனை.

நான்கு அளவீடு போதும் என்று சொன்ன அதே மனிதர், இருபதாயிரம் போதாது என்றும் சொன்னார். எத்தனை என்பதைவிட எப்படி என்பதை அவர் முதலில் பார்த்தார்.

தோட்டமும் தூண்டிலும்

ஆய்வும் ஆலையும் போக மீதி நேரத்தில் அவர் சும்மா இருந்தவர் அல்ல. டப்ளினுக்கு அருகே பிளாக்ராக் என்ற இடத்தில் மனைவி, மூன்று பிள்ளைகளோடு வாழ்ந்தார். தோட்டத்தில் பழச்செடிகளை ஒட்டுச்சேர்த்துப் பார்ப்பார். மீன் பிடிப்பார். தானே படகு கட்டுவார். 1934-ல் காரை ஓட்டிக்கொண்டு போகும்போது எதையோ சரிசெய்யக் குனிந்து, நேரான சாலையில் விளக்குக் கம்பத்தில் மோதிவிட்டார். மாதக்கணக்கில் படுக்கை. படுத்தபடியே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

1935-ல் கின்னஸ் லண்டனில் பார்க் ராயல் என்ற இடத்தில் புதிய ஆலை தொடங்கியபோது அதன் அறிவியல் பொறுப்பை ஏற்க அங்கே போனார். 1937-ல் தலைமைப் பதவி கிடைத்தது. அதை அனுபவிக்க அதிக நாள் இல்லை. அதே ஆண்டு அக்டோபர் 16 அன்று மாரடைப்பால் காலமானார். வயது 61.

இன்று ஒரு புது மாத்திரை வேலை செய்கிறதா என்று பார்க்கும் மருத்துவரும், இரண்டு உரங்களில் எது நல்லது என்று பார்க்கும் வேளாண் மாணவியும் அவர் அட்டவணையின் வாரிசுகளைத்தான் கணினியில் பயன்படுத்துகிறார்கள். அவர்களில் பலருக்குக் கோசெட் என்ற பெயர் தெரியாது. ‘மாணவன்’ மட்டும் தெரியும்.

நண்பர்களே, அடுத்த தடவை டேங்கர் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை ஒரு முறை முக்கிவிட்டு, தண்ணீர் மோசம் என்று வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன், கோசெட்டைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். லாரியின் மேல்பகுதி, அடிப்பகுதி, குழாய் திறந்த உடன், கொஞ்சம் ஓடவிட்ட பின் என்று நான்கு முறை பாருங்கள். நான்கையும் எழுதிவையுங்கள். எலக்ட்ரீசியனையும் இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள், பேட்டரியின் ஆறு அறைகளிலும். அவர் கோபித்துக்கொண்டால் ஒரு காபி கொடுத்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அடுத்த காலாண்டு இதழில் சந்திப்போம்.